‘கொழந்த’ என்று அவள் சொன்னது யாரை?

சின்னக்கா, உனக்கு மேலே ஒருத்தி பிறந்து, பிறந்த வாரத்திலேயே போய்விட்டாளாம். அவளையும் கணக்கில் வைத்து அம்மா உன்னைச் சின்னக்கா ஆக்கினாள். எனக்கு நீ ஒருத்திதான் அக்கா. நீ போன பிறகும் நீ சொன்ன ஒரு பேச்சு இங்கே எல்லார் வாயிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரை மனதில் வைத்துச் சொன்னாய் என்று உன்னிடம் கேட்க வழியில்லை. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள், தப்பு நிறைய இருக்கும். இருந்தாலும் நான் எழுதாவிட்டால் சர்ச்சிலிருந்து வந்து எங்களைப் பற்றிக் கேட்டுப்போன பிரதர் எழுதிவிடுவார்.

படிக்கிறவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா இறந்த பிறகு, அவள் புருஷனுக்கே என்னைக் கட்டிவைத்து, அவளுடைய நாலு வயது மகளோடு என்னையும் திருப்பூருக்கு அனுப்பிவிடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. போகவேண்டும் என்று சொன்னவர்கள் அக்காவின் பேச்சைத்தான் காரணம் காட்டினார்கள். போகமாட்டேன் என்பதற்கு நான் வைத்திருந்த காரணமும் அதே பேச்சுதான்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் மேல் லைனில் எங்கள் வீடு. அம்மா சின்னப் பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள். இன்னும் லைன் என்று சொல்லமாட்டாள், லயம் என்றுதான் சொல்வாள். அப்பா இல்லை. அக்காவைத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தோம். மாமா வீட்டாரும் ஒரு காலத்தில் இங்கே கொழுந்து பறித்தவர்கள்தான். இறங்கிப்போய் ரொம்ப வருஷம் ஆனதால் திருப்பூர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

இந்த மலையில் ‘கீழ’ என்றால் சமவெளி. மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், திருப்பூர் எல்லாம் எங்களுக்குக் கீழதான். வேலைக்குப் போனால் கீழ போனான். வாழ்க்கைப்பட்டுப் போனால் கீழ போனாள். ஆஸ்பத்திரியில் ‘கீழ கொண்டு போங்க’ என்று சொன்னால் வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அக்காவுக்குக் கீழ ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்குகிறது என்று இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போக மகளோடு மேலே வந்தவள், அப்படியே தங்கி, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போக ஆரம்பித்துவிட்டாள். மாமா சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். அவருடைய அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேல செய்யச் சோம்பேறித்தனம்” என்று போனில் சொன்னது எனக்கே கேட்டது.

அக்காவுக்கு வயதுக்கு வந்த வருஷத்திலிருந்து லைன் மாரியம்மன் திருவிழாவில் அருள் வரும். தப்பு மேளச் சத்தம் ஏறியதும் முதலில் அவள் கைவிரல்கள் நடுங்கும். பிறகு தலை சுழலும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. பூசாரி வேப்பிலையைக் கையில் கொடுத்து, “தாயே, என்ன குறை, வாய் தொறந்து சொல்லும்மா” என்று கேட்டார். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்தான் வந்தது. அப்புறம் கட்டைக் குரலில் சொன்னாள்.

“என் கொழந்தைய தனியா கீழ அனுப்பாதீங்க.”

இரண்டு தடவை அதையே சொன்னாள். அம்மா ஓடிப்போய்க் காலில் விழுந்தாள். பூசாரி திருநீறு போட்டதும் அக்கா மண்ணில் சாய்ந்துவிட்டாள். சொன்ன வார்த்தையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நூறு பேர் கேட்டோம். சந்தேகம் எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

முதல் அர்த்தத்தைக் கோயில் கமிட்டி கண்டுபிடித்தது. மேல் லைன் வீடுகளின் கூரை ஒழுகுகிறது என்று எங்களில் சில குடும்பங்களை மட்டும் கீழ் லைனுக்கு மாறச் சொல்லி எஸ்டேட் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். “நாமதான் அம்மனோட கொழந்தைங்க. போனா எல்லாரும் போகணும், இல்லன்னா யாரும் போகக் கூடாது” என்று கமிட்டி முடிவெடுத்துவிட்டது. கட்டிய மூட்டைகளை அவிழ்த்துவிட்டு அந்தக் குடும்பங்கள் அந்த மழை முழுக்க வீட்டுக்குள் வாளி வைத்து உட்கார்ந்திருந்தன.

அந்தத் திருவிழாவுக்குத்தான் பிரதர் வந்திருந்தார். சர்ச்சில் சாமியார் ஆவதற்குப் படிக்கிறவர். தத்துவம் படித்து முடித்து, வேதசாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தார். அதோடு மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதை எதற்காகச் செய்கிறார்கள் என்று ஊர் ஊராய்ப் பார்த்து எழுதுவதும் அவருக்கு ஒரு படிப்பு. அக்கா வெள்ளிக்கிழமையில் ஊட்டியில் காந்தல் குருசடி சர்ச்சுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவாள். எங்கள் லைனில் இருந்து நிறையப் பேர் போவார்கள். அங்கே பழக்கமானவர். வரட்டுமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தார். பேசுவதைப் பதிவு செய்யச் சட்டைப் பையில் போனைச் சொருகி, காலரில் சின்ன மைக் மாட்டியிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்தே எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை.

மறுநாள் குழாயடியில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிரதர் வந்து கல் மேல் உட்கார்ந்தார்.

“அருள் வர்றப்ப உங்களுக்கு நினைவு இருக்குமாங்க?”

“நீங்க பூசை வைக்கறப்ப உங்களுக்கு நினைவு இருக்குமா பிரதர்?”

“நான் இன்னும் பூசை வைக்கலீங்க. குருப்பட்டம் வாங்கினாத்தான் வைக்க முடியும்.”

“அப்ப வாங்கிட்டு வந்து கேளுங்க. ரெண்டு பேரும் சேந்து சொல்லுவோம்.”

அவர் சிரித்துவிட்டார். அக்கா விடவில்லை. “மாதாவ அருள் நிறைஞ்சவங்கன்னு நீங்க ஜெபமால மணி உருட்டிக்கிட்டே சொல்றீங்களே, அவங்களும் ஆடினாங்களா?”

“இல்லீங்க, அது வேற அருள். கடவுள் சும்மா குடுக்கறது. நாம கேக்காமலே வர்றது.”

“எனக்கும் நான் கேட்டா வருது? அதுக்கு ஏன் வேற வேறன்னு பிரிக்கறீங்க?”

பிரதர் போனைப் பார்த்தார். ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று நானும் பார்த்தேன்.

அவர் போன பிறகு நான் அக்காவிடம் நேராகவே கேட்டேன். “நேத்து யாரக் கொழந்தன்னு சொன்ன?”

“நானா சொன்னேன்? எனக்கென்னடி நினைவிருக்கு!” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். ஈரக் கை. சிரித்தாள். அந்தச் சிரிப்பை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும், அது மறைக்கிற சிரிப்பா, ஒன்றும் தெரியாத சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தச் சமயத்தில் அம்மா என்னைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்ப முடிவு செய்திருந்தாள். மாமாவின் அம்மா வீட்டில் தங்கிக்கொண்டு போய்வர வேண்டும். அக்காவுக்கு அதில் சம்மதமில்லை. வாய்விட்டுச் சொன்னால் புருஷன் வீட்டைக் குறை சொன்னதாகிவிடும். இன்னொன்றும் உண்டு. அக்கா தன் மகளை ஒருநாளும் கொழந்த என்று கூப்பிட்டதில்லை. அவளைப் பாப்பா என்பாள். கொழந்த என்றால் நான்தான். எனக்கு இருபது வயது தாண்டியும், பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நடுவில், “கொழந்த, சில்லற வச்சிருக்கியா?” என்று கத்துவாள். மானம் போகும்.

அந்தத் திருவிழாவுக்குப் பிறகு அம்மா என்னை அனுப்பவில்லை. ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு ஹோம்ஸ்டேயில் ரூம் கூட்டி, பெட்ஷீட் துவைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை, கொழுந்துப் பையோடு மேடு ஏறும்போது அக்கா உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாகிவிட்டது. ஊட்டி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே கீழ கொண்டு போகச் சொன்னார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்து வைத்திருந்ததாம். இத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்சில் நானும் அம்மாவும் கூடப் போனோம். பர்லியார் தாண்டி ஒரு வளைவில் அக்காவின் கை என் கையில் கனத்துப்போனது. டிரைவர் வண்டியை நிறுத்தவில்லை. டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும் என்று மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓட்டினார். அங்கே திருப்பூரிலிருந்து வந்து மாமா காத்திருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “இத்தன நாளா இவள மேலயே வச்சிருந்து என்ன பண்ணுனீங்க?”

அந்தக் கேள்வியை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரும் எங்களை மன்னித்திருக்கமாட்டார்.

மேலே கொண்டுவந்து லைனுக்குப் பின்னால் சரிவில் புதைத்தோம். கருமாதி முடிந்த மறுவாரம் மாமாவின் அம்மா வந்தார். எனக்கு ஒரு புதுச் சேலை வாங்கி வந்திருந்தார். துக்க வீட்டுக்கு எதற்குச் சேலை என்று அப்போதே எனக்குப் பொறி தட்டியது. டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“ஏனுங்க சம்பந்தி, இது நாஞ் சொல்றதில்லீங்க. அம்மனே சொன்னது. கொழந்தையத் தனியா கீழ அனுப்பாதீங்கன்னு. அப்போத் தொணைக்கு ஆரு வரோணும்? பெத்தவ இல்ல. சித்திதான வரோணும்?”

அம்மா தலையை ஆட்டினாள். நான் குறுக்கே பேசினேன்.

“அத்த, நீங்க திருவிழாவுக்கே வரலியே.”

“வரலீன்னா என்ன அம்முணி? ஊரே சொல்லுது.”

“அக்கா இருக்கறப்ப அதெல்லாம் நடிப்புன்னு சொன்னீங்க. வேல செய்யாம இருக்க ஆடறான்னு சொன்னீங்க.”

“அப்பச் சொன்னது அப்ப. செத்தவளப் போயி அப்படிச் சொல்லலாமா, கண்ணு?” என்று சேலையை என் மடியில் வைத்துத் தடவினார்.

அவர் போனதும் அம்மாவிடம் கத்தினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அந்தப் பச்சப் புள்ளய நாளைக்கு யாரோ ஒருத்தி வந்து அடிச்சான்னா? ஒன் அக்கா கேட்டா நா என்ன சொல்ல?” என்றாள். அம்மா அழுதால் என்னால் சண்டை போட முடியாது. அது தெரிந்தேதான் அழுகிறாளோ என்றுகூட நினைத்தேன்.

பெட்ஷீட் துவைக்கும்போதெல்லாம் இதே யோசனை. அம்மன் வந்து பேசும்போது எல்லாரையும் கொழந்த என்றுதான் சொல்லும். பூசாரியையே சொல்லும். அதனால் பேசியது அம்மன் என்றால், கொழந்த என்றது பாப்பாவாக இருக்கலாம். பாப்பா தனியாகப் போகக்கூடாது, நான் கூடப் போகவேண்டும். பேசியது அக்கா என்றால், கொழந்த நான். என்னைத் தனியாக அங்கே அனுப்பாதீர்கள் என்று அவள் எனக்காகக் கெஞ்சியிருக்கிறாள். நான் தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. என் அக்காவுக்கு அன்றைக்கு அருள் வரவில்லை, ஆடியது பொய் என்று நான் சொல்லவேண்டும்.

அதற்குச் சாட்சியும் என்னிடம் இருந்தது. தலை சுழன்றுகொண்டிருந்தபோது அவள் முந்தானை நழுவியது. கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அதே கை முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டது. அருள் வந்தவளுக்கு முந்தானை நினைவு இருக்குமா? அப்புறம் அந்தக் ‘கீழ’. அம்மனே சமவெளியிலிருந்து இந்த மலைக்கு வந்தவள். அவளும் எங்களைப் போல மேல, கீழ என்றா பேசுவாள்? இப்படியெல்லாம் யோசித்துவிட்டு, செத்துப்போன அக்காவிடம் திருட்டைத் தேடுகிறோமே என்று சோப்புக் கையோடு உட்கார்ந்து அழுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை குருசடியில் அக்கா பேரில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வெளியே வந்தபோது பிரதர் நின்றிருந்தார். வேறு யாரிடமும் கேட்க முடியாததால் அவரிடம் கேட்டேன்.

“நீங்க நிறையப் படிச்சவங்க. அன்னிக்குப் பேசினது யாரு?”

அவர் நிதானமாகச் சொன்னார். பல ஊரில் இப்படிப் பார்த்து எழுதியிருக்கிறார்களாம். வீட்டில் பேச இடம் இல்லாத பெண்களுக்கு அருள் ஒரு வாயாக இருக்கிறது, சாதாரணமாய்ச் சொல்ல முடியாததை அதில் சொல்கிறார்கள் என்றார்.

“அப்ப எங்கக்கா நடிச்சான்னுதான சொல்றீங்க?”

“இல்லம்மா. வாய்ப்பு கெடைச்சுப் பேசினா அது நடிப்பாகிடுமா? அவங்களுக்கே தெரியாமக்கூட இருக்கலாம்.”

“உங்க வேதம் என்ன சொல்லுது?”

“எனக்கு அதக் கேட்டதும் வேற ஒண்ணு தோணுச்சு. எங்க நம்பிக்கையில, இயேசு செத்ததும் பாதாளத்துக்கு எறங்கினார்னு சொல்வோம். கீழ இருக்கற யாரும் தனியா இருக்கக் கூடாதுன்னு.”

“அப்ப திருப்பூர்தான் பாதாளமா பிரதர்?”

அவர் சிரிக்கவில்லை. “ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பயத்த வச்சுத்தான் அந்த வாக்கியத்தக் கேக்கறோம். நானும்தான். சொன்னவங்க மனசுல இருந்தது மட்டுமே அர்த்தம்னு சொல்லிட முடியாது, கேக்கறவங்களும் கொஞ்சம் சேத்துடறோம்” என்றார்.

என்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று எனக்குப் பட்டது. “இத எழுதப் போறீங்களா?”

“நீங்க வேண்டாம்னா எழுத மாட்டேன்.”

“வேண்டாம்.”

சரி என்று அப்போதே என் கண்ணெதிரில் போனில் இருந்ததை அழித்தார். வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் பஸ் வரும்வரை அவர் போகாமல் கூட நின்றார். அதையும் சொல்லவேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அவர் அம்மாவும் வந்தார்கள். நடுவில் பேச அம்மா பூசாரியைக் கூப்பிட்டிருந்தாள். பாப்பா வாசலில் செருப்புகளை ஜோடி மாற்றி அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்கிறேன் என்று தெரிந்ததும் பூசாரி என் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர்தான். ஆனால் கேட்டது இதுதான்.

“இதுல சுத்தி வளைக்க ஒண்ணுமில்ல பிள்ள. அன்னைக்கிப் பேசினது அம்மனா, ஒங்கக்காவா? அம்மன்னா நீ அந்தப் புள்ளகூடப் போகணும். ஒங்கக்காதான்னா, வருசா வருசம் எங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கா. ரெண்டுல எதுன்னு சொல்லு.”

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். முந்தானை விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் போதும், நான் தப்பித்துவிடுவேன். மாமா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு பேசினாங்கன்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. எங்கக்கா ஏமாத்தினான்னு என் வாயால வராது. ஆனா நான் போகமாட்டேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். இத அம்மன் சொல்லல, அக்கா சொல்லல. நான்தான் சொல்றேன். எனக்கு அருளும் வரல.”

“பாத்தீங்களா சம்பந்தி பேச்ச!” என்றார் மாமாவின் அம்மா. அம்மா என் முதுகில் ஓங்கி அடித்தாள். நான் அசையவில்லை.

மாமாதான் எழுந்தார். “விடுங்கம்மா. எனக்கும் இதுல இஷ்டம் இல்ல. நீங்களா வந்து பேசிட்டிருக்கீங்க” என்று தன் அம்மாவிடம் சொன்னார். இத்தனை நாள் அதை ஏன் சொல்லவில்லை, வேறு யாரையாவது பார்த்து வைத்திருக்கிறாரோ என்று எனக்கு அந்த நிமிஷமே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “ஆனா எம்புள்ளைய விட்டுட்டுப் போக மாட்டேன். அவள நான் கூட்டிட்டுத்தான் போவேன்.”

“இங்க இருந்தா நான் பாத்துக்குவேன் மாமா.”

“தெரியும். ஆனா எனக்கு அவதான இருக்கா?”

அவள் அவருடைய மகள். அன்று சாயங்காலமே கிளம்பினார்கள். பாப்பாவுக்கு வளைவில் வாந்தி வரும் என்று எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் மாமா கையில் கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். நான் கூட வரவில்லை என்பது பஸ் நகர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணாடியில் வாய் வைத்துக் கத்தியது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டுப் பாப்பாவிடம் கொடுக்கிறார். அவள் ஸ்கூல் மிஸ்ஸைப் பற்றியும் பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றியும் சொல்கிறாள். அழுவதில்லை. அழாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா, உண்மையிலேயே நன்றாக இருக்கிறாளா என்று போனில் கண்டுபிடிக்க முடியவில்லை. வருகிற மாதம் லீவு கேட்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரப்போகிறேன். போவதற்கு முன்னால் மாமாவிடம் சொல்லப் போவதில்லை.

இதைப் படித்தவர்களிடம் எனக்குக் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. என் அக்காவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். இருபத்தேழு வயதில் போய்விட்டாள். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில் கேளுங்கள், மாதாவிடம் போகிறவர்கள் மாதாவிடம் கேளுங்கள், எங்கேயும் போகாதவர்கள் இருக்கிற இடத்தில் இருந்தே ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அவள் மகள் நன்றாக இருக்கவேண்டும் என்றும் கூடவே கேளுங்கள். நான் கேட்பது மட்டும் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் கேளுங்கள்.